மனச்சோர்வுக்கு மூலிகை போதுமா? வாசகர் கேள்விகளுக்குச் சித்த மருத்துவரின் பதில்கள்

கல்லூரி முடித்த மகன் இரண்டு மாதமாக அறையை விட்டு வருவதில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?’ என்கிறான். என்ன சூரணம் கொடுக்கலாம்?
– ஒரு தாய், விருதுநகர்

அம்மா, வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் முதலில் எடுத்தேன். சூரணம் எதுவும் வேண்டாம். அவன் சொன்ன அந்த வார்த்தை அபாயக் குறி. இன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இரவில் பயமாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் இருந்தால் கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள். ‘சாகணும்னு தோணுதாப்பா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு ஓர் ஆள் கிடைக்கும்.

கணவர் மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் சாப்பிட ஆரம்பித்து 10 நாள் ஆகிறது. பெரிதாக மாற்றமில்லை. ஜெர்மனியில் இருக்கும் நாத்தனார் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரை அனுப்பியிருக்கிறார். மூலிகைதானே, சேர்த்துக் கொடுக்கலாமா?
– வாசகி, கோவை

கூடவே கூடாது. அது உண்மையாகவே வேலை செய்கிற மூலிகை. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு ஜெர்மனியில் மருத்துவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். என் பயமும் அதனால்தான். இரண்டுமே மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டுபவை. சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். போதாததற்கு, மற்ற மருந்துகளை உடம்பு வேகமாகக் கழித்துவிடும்படியும் இந்த மூலிகை செய்யும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களின் மருந்து எல்லாம் பலன் குறைந்துபோகும்.

10 நாளில் பலன் தெரியாதது வழக்கம்தான். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம் ஆகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படபடப்புக்கு நாட்டுமருந்துக் கடையில் சர்ப்பகந்தா பொடி கொடுத்தார்கள். சாப்பிடலாமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். நம் ஊரில் சிவன் அமல்பொடி என்கிற வேர் இது. மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் இது பயன்படுவதை 1931-லேயே கல்கத்தா மருத்துவர்கள் சென், போஸ் எழுதினார்கள். 1952-ல் இதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. அப்புறம் அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்ததாகச் செய்திகள் வந்தன. மனதை அடக்கும் மூலிகையே மனதை அமுக்கியும் விடலாம். ரத்த அழுத்தத்தையும் இறக்கும். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாத வேர்.

தூக்கமின்மை, பதற்றம். அமுக்கரா சூரணம் சாப்பிடலாமா? தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் எடுக்கிறேன்.
– வாசகி, திருச்சி

தைராய்டு பிரச்சினை இல்லாதவராக இருந்தால் சரி என்றிருப்பேன். அமுக்கராவுடன் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம் எல்லாம் சேரும் இந்தச் சூரணத்தை நானே பலருக்குத் தருகிறேன். பதற்றம், தூக்கமின்மைக்கு அசுவகந்தா (அமுக்கராவின் வடமொழிப் பெயர்) உதவுவதாகச் சிறிய ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் இது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். மாத்திரையோடு சேர்ந்து ஹார்மோன் மிகுந்தால், அதுவே படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும்! முதலில் தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். பாருங்கள், மாத்திரையின் அளவு இப்போதே கூடுதலாக இருக்கலாம். மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும். கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கம் வர ஜாதிக்காய்ப் பால்?
– வாசகர், தஞ்சை

ஒரு சிட்டிகை போதும். முழுக் காயை அரைத்துக் குடித்தால் நெஞ்சு படபடத்து, இல்லாதது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் போய்விடும்.

வல்லாரையும் பிரமியும் ஒன்றா?
– மாணவி, சேலம்

இல்லை. வடக்கே வல்லாரையையும் பிரமி என்று விற்பதால் இந்தக் குழப்பம். நீர்ப்பிரமிக்குச் சின்னச் சின்னத் தடித்த இலை. வல்லாரை இலை வட்டமாக, தவளைப் பாதம் போல இருக்கும். பிரமியை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஞாபகசக்திக்காகத்தான் பார்த்தார்கள். பரீட்சைப் பயத்துக்கு இரண்டையுமே பெரிதாக நம்ப வேண்டாம். வல்லாரைத் துவையல் வாரம் இரண்டு நாள் தாராளமாகச் சாப்பிடு. ஈரமான வாய்க்கால் ஓரத்தில் வளர்வது, நன்றாக அலசிவிட்டு அரை.