பரோலோ வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறேன். கடையில் பார்த்த பரோலோ ஒயின் லேபிளில் ஒரு குடும்பப் பெயரும் கோட்டைப் படமும் உள்ளன. அந்தக் குடும்பமே சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் செய்ததா என்று எப்படி அறிவது?

பதில்: முன்பக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரிய நிறுவனங்களும் குடும்பப் பெயரில்தான் விற்கின்றன. பாட்டிலைத் திருப்பி, ‘இம்போத்திலியாத்தோ’ என்று தொடங்கும் பொடி எழுத்து வரியைத் தேடுங்கள். பாட்டிலில் அடைத்தவர் யார் என்று சொல்லும் வரி அது. ‘இம்போத்திலியாத்தோ தா’ என்று ஒரு பெயர் மட்டும் இருந்தால், அவர் அடைத்தார் என்பதற்கு மேல் உறுதி எதுவும் இல்லை. திராட்சையையோ முழு ஒயினையோ வெளியில் வாங்கியிருக்கலாம். ‘இம்போத்திலியாத்தோ அல்லோரிஜினே’ என்றால் உற்பத்தி செய்த இடத்திலேயே அடைத்தது. ஆனால் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமும் இதையே போடலாம். ஆகவே கூடவே ‘அசியெண்டா அக்ரிகோலா’ இருக்கிறதா என்று பாருங்கள். அது சொந்த விளைச்சலைக் குறிக்கும். ‘அசியெண்டா வினிகோலா’ என்றால் வாங்கிய திராட்சையும் சேர்ந்திருக்கலாம்.

கழுத்து மூடியில், தலையில் கூடை சுமக்கும் உழவர் முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. 2008-இல் தொடங்கிய ‘ஃபிவி’ என்ற சுதந்திரத் தோட்டக்காரர்கள் கூட்டமைப்பின் அடையாளம் அது. தாங்களே பயிரிட்டு, ஒயின் செய்து, அடைத்து விற்பவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். வரிசை எண்ணோடு கழுத்தில் ஒட்டியிருக்கும் அரசுப் பட்டை வேறு விஷயம். இத்தாலிய ஒயின்களின் உச்சத் தரவகையான டி.ஓ.சி.ஜி.-க்குரிய தரச் சோதனையில் தேறியதற்கு அது சான்று. குடும்பத் தயாரிப்பு என்பதற்கு அல்ல.

கூட்டுறவு என்றாலே மட்டம் என்று ஒதுக்கவும் வேண்டாம். பரோலோ வட்டாரத்துக்குப் பக்கத்து ஊரான பார்பரெஸ்கோவில் 1958-இல் தொடங்கிய சங்கத்தின் ஒயின்கள் அந்த வட்டாரத்தின் நம்பகமான தேர்வுகளில் சேரும்.

கேள்வி: போன முறை வாங்கிய பரோலோ வெளிறிய செங்கல் நிறத்தில் இருந்தது. ஒரே துவர்ப்பு, அடியில் மண்டி வேறு. கலப்படமா?

பதில்: இல்லை, மூன்றும் நெபியோலோ திராட்சையின் இயல்பு. பரோலோவில் வேறு எந்தத் திராட்சையும் சேர்க்கக் கூடாது. நெபியோலோவுக்கு நிறம் குறைவு, துவர்ப்பும் புளிப்பும் அதிகம். அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், வைத்திருந்த பிறகே விற்கலாம். 2021 அறுவடை 2025 ஜனவரியில்தான் கடைக்கு வர முடிந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வைத்தால்தான் துவர்ப்பு அடங்கும்.

உடனே குடிப்பதாக இருந்தால், அதே குடும்பத்தின் ‘லாங்கே நெபியோலோ’ வாங்குங்கள். குறைந்தது 85 சதவீதம் அதே திராட்சை. கட்டாய முதிர்வுக் காலம் இல்லாததால் விலையும் குறைவு. பரோலோவே வேண்டுமானால் முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் தங்கவிடுங்கள். பிறகு அகன்ற குடுவையில் மெல்ல ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விட்டு, 16 முதல் 18 டிகிரியில் பரிமாறுங்கள். இறைச்சியோ பழுத்த பாலாடைக்கட்டியோ கூட இருந்தால் துவர்ப்பு உறைக்காது.

பழுதுக்கு அறிகுறிகள் வேறு. கார்க் மேலே தள்ளியிருந்து, மூடியருகே ஒயின் கசிந்த பிசுபிசுப்பு இருந்தால் அநேகமாக வெயிலில் வெந்த பாட்டில், வாங்காதீர்கள். திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கில் உண்டான கெடுதல். காற்றாட விட்டாலும் அது போகாது. மிச்சத்தைக் கொட்டிவிடாமல், கார்க்கோடும் ரசீதோடும் கடைக்கு எடுத்துச் சென்று மாற்றிக் கேளுங்கள்.