விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பேராலய ஆர்கனிஸ்ட் வேலை நல்ல வேலையா?

அந்தக் காலத்தில் பேராலயத்தில், அதாவது பிஷப்பின் தலைமைக் கோயிலில், ஆர்கன் வாசித்தவர்கள் வசதியாக வாழ்ந்தார்களா, இசையமைக்க நேரம் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி. பெயர் தெரியாவிட்டாலும் சிஎஸ்ஐ சபைக்குப் போகிறவர்கள் அவருடைய ராகத்தைப் பாடியிருப்பார்கள். 'சபையின் அஸ்திபாரம்' பாடுகிறோமே, அந்த ராகம் அவர் போட்டது. 1864இல் வெளிவந்தபோது அது வேறொரு பாட்டுக்கானது.

1810இல் லண்டனில் பிறந்தவர். தாத்தா சார்லஸ் வெஸ்லி, ஆயிரக்கணக்கில் ஞானப்பாட்டு எழுதியவர். அப்பாவும் பெரிய இசைக்காரர், ஜெர்மன் இசையமைப்பாளர் ஜொஹான் செபாஸ்டியன் பாக் மேல் பைத்தியம், அதனால்தான் பையன் பெயரில் செபாஸ்டியன். அப்பா மனைவியைப் பிரிந்து வீட்டு வேலைக்கு வந்த பெண்ணோடு வாழ்ந்தார், அவர்களுக்குப் பிறந்தவர் இவர். அந்தக் காலத்துத் திருச்சபை வட்டாரத்தில் இது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

1832இல் ஹெரிஃபோர்டு பேராலயத்தில் வேலை. அங்கேதான் இந்த உத்தியோகத்தின் கஷ்டம் புரிகிறது. பணமும் முடிவும் பேராலயத்தின் தலைமைக் குருவான டீன் கையிலும் அவருடைய குருமார் குழுவின் கையிலும். பாடகர் குழுவில் பையன்களோடு பாட வேண்டிய வயதுவந்த ஆண்களோ ஆயுள் முழுக்கப் பதவி உள்ளவர்கள், வந்தால் வந்தார்கள், இல்லையென்றால் இல்லை, ஆர்கனிஸ்ட் கேட்க முடியாது. ஒரு ஈஸ்டர் அன்று பையன்களையும் ஒரே ஒரு பேஸ் (ஆண்களின் கனத்த கீழ்க்குரல்) குரலையும் தவிர யாரும் கிடைக்கவில்லை, அந்த பேஸ் பாடியவரும் டீனுடைய பட்லர்! அதற்கென்றே எழுதியதுதான் 'ப்ளெஸ்ஸட் பி தி காட் அண்ட் ஃபாதர்'. இன்றைக்கும் பாடகர் குழுக்கள் விரும்பிப் பாடும் ஆந்தம் (ஆராதனையில் பாடகர் குழு பாடும் பாட்டு) அது.

1835இல் அந்த டீனின் தங்கையையே திருமணம் செய்துகொண்டு எக்ஸிட்டருக்குப் போய்விட்டார். அப்புறம் 1842இல் லீட்ஸ், 1849இல் வின்செஸ்டர், 1865இல் க்ளாஸ்டர். எங்கே போனாலும் மேலிடத்தோடு சண்டை. லீட்ஸில் அவர் வேலை பார்த்தது பேராலயம் இல்லை, ஊர்க் கோயில், ஆனால் அங்கிருந்த வால்ட்டர் ஹூக் என்ற குருவுக்கு நல்ல பாடகர் குழு வேண்டும் என்ற ஆசை இருந்தது, நல்ல சம்பளமும் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் கசந்தது. 1849இல் பேராலய இசையின் நிலைமை பற்றி ஒரு சிறு நூலே எழுதி, தினமும் குறைந்தது 12 வயதுவந்த ஆண்களாவது பாட வேண்டும், இசைக்காரனுக்கு ஒழுங்காகச் சம்பளம் வேண்டும் என்று வெளுத்து வாங்கினார். அதில் அவர் சொன்னது பெரும்பாலும் நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இப்படி ஒருவர் நம் சபையில் ஆர்கன் வாசித்தால் கமிட்டி என்ன பாடுபடும் என்றும் தோன்றுகிறது. மீன்பிடிப் பைத்தியம் வேறு. புது ஆர்கனைத் திறந்து வைக்கப் போகிற வழியில் ஆற்றைப் பார்த்ததும் இறங்கிவிட்டு, "ஐயா வரத் தாமதமாகும்" என்று சொல்லச் சொல்லி மாணவனை அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு.

க்ளாஸ்டர் போனது இன்னும் வேடிக்கை. காலியான இடத்துக்கு யார் பொருத்தம் என்று இவரிடம் யோசனை கேட்டார்கள், "நானே வருகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

வசதியைப் பொறுத்தவரை, சம்பளத்தை நம்பி மட்டும் குடும்பம் நடத்துவது கஷ்டம். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, புது ஆர்கன்களுக்கு ஆலோசனை, வெளியூர்க் கச்சேரி என்று பக்க வருமானம் தேட வேண்டியிருந்தது. லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் ஹாலில் 1855இல் வந்த பெரிய ஆர்கனுக்கு ஆலோசகர் இவர்தான், சுருதி சேர்ப்பதிலும் பழைய முறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1867இல் அந்தச் சுருதி முறையை மாற்றிவிட்டார்கள். 1873இல் பிரதமர் கிளாட்ஸ்டன் சர் பட்டம் வேண்டுமா, வருடம் 100 பவுண்டு ஓய்வூதியம் வேண்டுமா என்று கேட்டபோது பணத்தைத்தான் எடுத்துக்கொண்டார். 1876இல் இறந்தார்.

இசையமைக்க நேரம் கிடைத்ததா என்றால், நல்ல படைப்புகளில் பல ஹெரிஃபோர்டிலும் எக்ஸிட்டரிலும் இளம் வயதில் எழுதியவை, 1853இல்தான் 12 ஆந்தங்களைத் தொகுத்து அச்சிட்டார். கேட்க ஆசை இருந்தால் 'வாஷ் மீ த்ரோலி'யில் ஆரம்பியுங்கள், சின்னது. 'தி வில்டர்னஸ்' நீளம், அதைப் பிறகு கேட்கலாம்.