இறங்குவது யார்?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 28 வயது, சென்னையில் ஐ.டி. வேலை. சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு வருடம் முன்பு ஸ்கோடா ஸ்லாவியா 1.5 கார் வாங்கினேன், மேனுவல் கியர். ஓட்ட அவ்வளவு சுகமான வண்டி. கடன் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வண்டியை 40 மி.மீ. இறக்கி, 17 அங்குல அலாய் போட்டு, சைலன்சர் மாற்றி, ரீமேப்பும் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) பண்ணலாம் என்று ஆசை. எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் கேட்கிறார்கள். வண்டியைத் தாழ்த்துகிற லோயரிங் ஸ்பிரிங் போதுமா, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற காயிலோவரே போட்டுவிடலாமா என்று குழப்பம். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போவேன். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற வாய்க்கால் மதகில், ஆள் நிறைய இருந்தால் இப்போதே அடியில் கொஞ்சம் உரசும். ஆனால் அப்பா (64) அங்கே இறங்கி நடந்து வந்துவிடுவார், அதனால் அது பிரச்சினை இல்லை. மழை என்றால் கொஞ்சம் லேட் ஆகும், அவ்வளவுதான். அப்பா டிராக்டர் ஓட்டிப் பழகியவர், வண்டி நுணுக்கம் தெரிந்தவர். வண்டியை இறக்கலாமா, வேண்டாமா?

பதில்: தம்பி, உன் கடிதத்தில் ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஸ்பிரிங் வரும் இடத்தில் இல்லை. "அப்பா இறங்கி நடந்து வந்துவிடுவார், அதனால் அது பிரச்சினை இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அங்கே.

யாருக்குப் பிரச்சினை இல்லை?

புல்லட்டுக்குச் சைலன்சர் மாற்றலாமா, ஜீப்புக்குப் பெரிய டயர் போடலாமா என்று மாதம் இரண்டு கடிதமாவது எனக்கு வருகிறது. முக்கால்வாசிப் பேர் முடிவு செய்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். கடைக்கு முன்பணமும் போயிருக்கும். நீ கொடுத்திருந்தால் திருப்பிக் கேள். "ஆசைதானே, வாழ்க்கையில் ஒரு தடவைதானே" என்று நான் முதுகில் தட்டிக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருந்தால் தப்பான விலாசத்துக்கு எழுதிவிட்டாய்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உனக்குக் கணக்கு பிடிக்கும், மில்லிமீட்டரில் பேசுகிறாய். உன் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி, 179 மி.மீ. அது காலி வண்டிக்கு. ஐந்து பேர் ஏறி, ஊரிலிருந்து திரும்பும்போது டிக்கியில் அரிசி மூட்டையும் தேங்காயும் ஏறினால் அது எவ்வளவு அமுங்கும் என்று உனக்கே தெரியும். உன் அப்பா அறுபது, அறுபத்தைந்து கிலோ இருப்பாரா? அப்படி ஓர் ஆள் இறங்கினால் வண்டி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் எழும்பும். கும்பகோணத்தில் முப்பது வருஷம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த என் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், "அதுவே அதிகம்கா" என்றான். அந்த ஒரு சென்டிமீட்டருக்காக 64 வயது மனிதர் இருட்டிலும் மழையிலும் இறங்குகிறார். நீ நாலு சென்டிமீட்டரைக் காசு கொடுத்துக் குறைக்கப் போகிறாய். நாற்பது மில்லிமீட்டர் என்றால் நாலு அப்பா, தம்பி. உன் வீட்டில் இருப்பது ஒருவர்தான். அவருக்கு அடுத்து யாரை இறக்கிவிடுவாய்? அம்மாவையா? எல்லாரும் இறங்கி, நீ மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மதகைத் தாண்டினாலும் உரசத்தான் செய்யும்.

கெட்டி ஸ்பிரிங் போட்டால் ஆள் ஏறினாலும் அவ்வளவு அமுங்காது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பொய் இல்லை. ஆனால் அந்தக் கெட்டியைத் தாங்குவது பின்சீட்டில் இருக்கும் உன் அம்மாவின் இடுப்பு. இதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது மதகுக்கு வருவோம். நீடாமங்கலம் பக்கம் என்றால் எனக்குத் தெரிந்த பூமி. மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிந்து, பாமணியாறு ஒரு பக்கமும் கோரையாறு ஒரு பக்கமும் போகிற இடம். அங்கே ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போனாலே தண்ணீரைத் தாண்டியாக வேண்டும். வருஷா வருஷம் தூர்வாரின மண்ணைக் கரையில் போட்டுப் போட்டு கரை உயர்ந்து, மதகு மட்டும் திமில் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். ஏறினதும் இறக்கம். முன்சக்கரம் இறங்கிவிடும், பின்சக்கரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், நடு வயிறு மதகின் முதுகில் உட்காரும்.

பார வண்டிக் காலத்திலும் இதே மதகுதான். நெல் மூட்டை ஏற்றி வருகிற வண்டி மதகுக்கு வந்ததும் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் குதித்துவிடுவார். மாட்டுக்குப் பாரம் குறையட்டும் என்று. பின்னால் போய்ச் சக்கரத்துக்குத் தோள் கொடுப்பார். என் மாமனார் எழுபது வயதிலும் அப்படி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். நுரை தள்ளுகிற வாயில்லா ஜீவன் முன்னால் இழுக்கும்போது மேலே உட்கார்ந்திருப்பது பாவம் என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறின விஷயம். உன் அப்பாவும் அந்த வழியில் வந்தவர். நீ சொல்லி அவர் இறங்கவில்லை, இல்லையா? முதல் தடவை "டர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். நீ "ஐயோ" என்றிருப்பாய். அவர் உன் முகத்தைப் பார்த்திருப்பார். அடுத்த தடவை மதகுக்குப் பத்தடி முன்னாலேயே "நிறுத்துப்பா" என்று கதவைத் திறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பார். மாட்டுக்கு இறங்கினவர் இப்போது 150 குதிரை சக்திக்கு இறங்குகிறார். அந்த மாட்டுக்காவது மூச்சு வாங்கியது.

மழை என்றால் கொஞ்சம் லேட் ஆகுமாம். ஐப்பசி மழையில் நம் ஊர்க் களிமண் கரை எப்படி வழுக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால், அந்த 2,40,000 எந்த மூலைக்கு?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டாயே. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூட என்று வைத்துவிட்டார்கள். சோதனைச் சாவடியில் சமாளித்துவிடலாம் என்பாய். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் குனிந்து பார்க்கும்போது எப்படிச் சமாளிப்பாய்? கடனில் இருக்கிற வண்டி வேறு.

இன்னொன்று. பங்குனி, சித்திரையில் நம் பக்கம் தார் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டி மிதித்துக் கொடுக்கட்டும் என்று. அறுவடைச் சமயத்தில் வைக்கோலும் கிடக்கும். தாழ்ந்த வண்டியின் அடியில் அது சுருட்டிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டுப் புகைந்தால் அணைக்க நீதான் ஓட வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று எவனாவது இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டித் தருகிறேன் என்றால் அந்த ஷெட் வாசலில் நிற்காதே. வெட்டின ஸ்பிரிங் பள்ளத்தில் இடம் விட்டு நழுவும், ஷாக் அப்சார்பர் அடிவாங்கும், டயர் உள்பக்கமாகத் தேயும்.

உன் ஆசையை நான் கேலி செய்யவில்லை. வளைவில் வண்டி சாயாமல் ஒட்டிக்கொண்டு போகிற சுகம் நிஜம்தான். மூன்றாவது கியரில் இழுத்துப் பிடித்து ஓட்டுகிற சந்தோஷம் தானியங்கி கியரில் வராது என்று என் தம்பியும் புலம்புவான். அந்தச் சுகம் வேண்டுமென்றால் இப்போதிருக்கிற 205/55 ஆர்16 அளவிலேயே நல்ல டயர் நாலு போடு. அலைன்மென்ட் சரியாகச் செய். பிரேக் ஆயிலையும் பேடையும் புதிதாக்கு. நாற்பதாயிரம், ஐம்பதாயிரத்தில் முடியும், சட்டத்துக்கும் பயப்பட வேண்டாம். வேகமாக ஓட்டியே தீர வேண்டுமென்றால் நீ இருக்கிற சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. கட்டணம் கட்டிச் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க விடுகிற நாட்கள் உண்டு. விசாரித்துக்கொண்டு போ. ஆடும் கோழியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் வருகிற ஆற்றங்கரை ரோட்டில் வேண்டாம்.

இறக்க வேண்டியது வண்டியை இல்லை, மதகை. அதாவது மதகின் இரண்டு பக்கமும் ஏற்றத்தைக் கொஞ்சம் நீட்டி, சரிவாக்கினால் போதும். பெரிய வேலை இல்லை. வாய்க்காலும் கரையும் அரசாங்கத்துடையது, நீயாக மண் கொட்டாதே. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுதிக் கொடு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் உனக்கு லீவு நாள்தான், சாக்கு சொல்ல முடியாது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பதற்குள் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், அதுதான் வேலை செய்கிற காலம். அந்த மதகில் ஆம்புலன்ஸும் போக வேண்டும், பிரசவத்துக்குப் போகிற ஆட்டோவும் போக வேண்டும். தெருவில் இருக்கிற நாலு பேர் கையெழுத்து வாங்குவது உனக்குக் கஷ்டமா?

அதுவரை ஒரு காரியம் செய். இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது நீடாமங்கலம் கடைத்தெருவிலேயே வண்டியை ஓரம் கட்டி, சாவியை அப்பாவிடம் கொடு. டிராக்டர் ஓட்டினவருக்கு மேனுவல் கியர் என்ன புதுசா? லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள். மதகு வந்ததும் "நிறுத்துங்கப்பா" என்று சொல்லி நீ இறங்கு. அவர் மதகைத் தாண்டி, விளக்கைப் போட்டபடி உனக்காகக் காத்திருப்பார். நீ நடந்து வா.