சென்டிமார்கன் என்றால் என்ன? உறவினரிடையே டிஎன்ஏ எவ்வளவு ஒத்துப்போகும்?

இருவருக்குப் பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் அலகு சென்டிமார்கன். ஒரு சென்டிமார்கன் இடைவெளியில் உள்ள இரு இடங்கள் அடுத்த தலைமுறைக்குப் போகும்போது பிரிந்துவிட ஏறக்குறைய 1% வாய்ப்பு உண்டு.

அம்மாவிடம் தாத்தா தந்த மல்லிகைச் சரமும் பாட்டி தந்த கனகாம்பரச் சரமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அங்கங்கே வெட்டி, முடிச்சிட்டு, பிள்ளைக்கு ஒரே சரமாகத் தருகிறார். வெட்டும் இடம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதனால் தலைமுறை தள்ளத் தள்ள பொதுத் துண்டுகள் குறுகும்.

தாய்மாமனோடு சராசரி 25%, மாமன் மகளோடு 12.5%. சொந்தத்திலேயே மணமுடித்து வந்த குடும்பங்களில் இது கூடும். தூரத்து உறவைக் கிட்டத்து உறவென்று தப்பாகக் கணிப்பது பெரும்பாலும் இங்கேதான். 7 சென்டிமார்கனுக்குக் குறைந்த ஒற்றைத் துண்டை உறவுக்கு ஆதாரமாக நம்பவே வேண்டாம்.

உடன்பிறந்தவர்களுக்கு எப்போதும் சரியாக 50% ஒத்துப்போகும் என்பது தவறு. அது சராசரிதான், 40 வரை இறங்கலாம், 60 வரை ஏறலாம்.