போன் அழைப்பு வருகிறது, பாட்டு வரவில்லை: வாசகர் கேள்வி-பதில்

போனில் இருக்கும் பாட்டை வயர் இல்லாமல் கார் செட்டில் கேட்பது பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'புது செட் வாங்கிவிடலாமா?' மார்த்தாண்டத்தில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்போது வேண்டாம். இருக்கிற செட்டால் என்ன முடியும் என்று முதலில் பார்ப்போம்.

கேள்வி: எங்கள் கார் 2012-ல் வாங்கியது. கம்பெனி செட்டிலேயே ப்ளூடூத் உண்டு. யாராவது அழைத்தால் கார் ஸ்பீக்கரில் பேச முடிகிறது. பாட்டு போட்டால் மட்டும் போனிலேயே ஒலிக்கிறது. கடையில் செட்டை மாற்றச் சொல்கிறார்கள். (ஓர் ஆசிரியை, குலசேகரம்)

பதில்: மாற்றாதீர்கள் டீச்சர். ப்ளூடூத் என்று நாம் ஒரே பெயரைச் சொன்னாலும், ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் மாதிரி, பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி. பேச்சு வழிக்கு எச்.எஃப்.பி. என்றும், ஸ்டீரியோ பாட்டு வழிக்கு ஏ.டூ.டி.பி. என்றும் பெயர். உங்கள் காரில் முதல் வழி திறந்திருக்கிறது. இரண்டாவது மூடியிருக்கிறதா, இல்லவே இல்லையா என்பதுதான் கேள்வி.

போனில் செட்டிங்ஸுக்குப் போய் ப்ளூடூத்தைத் திறங்கள். கார் செட்டின் பெயருக்குப் பக்கத்தில் பல்சக்கரக் குறி இருக்கும். அதைத் தொட்டால் 'போன் கால்கள்', 'மீடியா ஆடியோ' என்று தனித்தனி சுவிட்சுகள் வரும். மீடியா ஆடியோ அணைந்து கிடந்தால் அதைப் போடுங்கள், தீர்ந்தது. அது ஏற்கெனவே போட்டிருந்தால் செட்டில் சோர்ஸ் அல்லது மோட் என்று எழுதிய பட்டனை ப்ளூடூத் ஆடியோ வரும்வரை அழுத்துங்கள். சில செட்டுகள் போன் சேர்ந்தாலும் ரேடியோவிலேயே நின்றுகொண்டிருக்கும். அப்படியும் வராவிட்டால் போனிலும் செட்டிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். எண் கேட்டால் 0000 அல்லது 1234.

மீடியா ஆடியோ என்ற வரியே போனில் வரவில்லை என்றால், அநேகமாக அந்த செட் பேச்சுக்கு மட்டும் செய்தது. அப்போதும் மாற்ற வேண்டியதில்லை. ஆக்ஸ் என்று எழுதிய 3.5 மி.மீ. துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டை வாங்கி அந்தத் துளை வழியாக செட்டுக்குக் கொடுக்கும் ப்ளூடூத் ரிசீவர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிச் செருகினால் போதும். அழைப்பு பழைய வழியில் வரும், பாட்டு புது வழியில் வரும். செட்டை மாற்றினால் ஸ்டியரிங் பட்டன், டேஷ்போர்டு வயரிங் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். பழைய கம்பெனி செட்டின் ரேடியோ பிடிப்பும் பல புது செட்டுகளில் கிடைக்காது.

கேள்வி: லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறேன். குளச்சலில் நன்றாகப் பாடுகிறது. களியக்காவிளை நெருங்கினால் நடுவில் யாரோ பேசுகிறார்கள். (வாடகைக் கார் ஓட்டுநர், குளச்சல்)

பதில்: தம்பி, அந்தக் கருவி ஒரு குட்டி வானொலி நிலையம். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டை வாங்கி, நீங்கள் வைத்த எண்ணில் எஃப்.எம். அலையாக விடுகிறது. அதன் பலம் காருக்குள் மட்டும்தான். அதே எண்ணிலோ பக்கத்து எண்ணிலோ உண்மையான நிலையம் வந்தால் அதுதான் ஜெயிக்கும்.

நம் மாவட்டத்தில் 101-ஐத் தொடவே கூடாது. அது நாகர்கோவில் வானொலி. 1984-ல் தொடங்கியது, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. மேற்கே போகப் போகத் திருவனந்தபுரம் நிலையங்கள் ஏறி வரும். ஆகாசவாணியின் 101.9, இன்னும் 92.7, 98.3 என்று தனியார் நிலையங்களும் உண்டு. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிப் பக்கத்து நிலையங்கள்.

அதனால் ஓர் எண்ணை நம்பி இருக்காதீர்கள். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, களியக்காவிளையில் ஓரமாக வண்டியை நிறுத்தி ரேடியோவை 87.5-லிருந்து 108 வரை மெதுவாகத் திருப்புங்கள். வெறும் இரைச்சல் மட்டும் வருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கீழும் 0.2 தூரத்திலும் இரைச்சலே இருக்க வேண்டும். குளச்சலிலும் இதே மாதிரி ஒன்று பிடியுங்கள். ரேடியோவில் முதல் பட்டனில் ஒன்று, இரண்டாவதில் மற்றது. டிரான்ஸ்மிட்டரையும் அதே எண்ணுக்கு மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். அதை வண்டியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பயணிகளின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்று. போனின் சத்தத்தை முழுவதும் ஏற்றாதீர்கள். முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்து, மீதியை செட்டில் கூட்டுங்கள். முழுதாக ஏற்றினால் டிரான்ஸ்மிட்டர் தாங்காமல் பாட்டு கரகரக்கும். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைக் கடைசி வழியாகத்தான் நான் சொல்வேன். ஆக்ஸ் துளை இருந்தால் ரிசீவருக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் ரிசீவரைத்தான் ஆக்ஸில் போட்டிருக்கிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'ஊ...ய்' என்று ஒரு சத்தம் பாட்டோடு சேர்ந்து ஏறுகிறது. (தக்கலை வாசகர்)

பதில்: அது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் சத்தம். ரிசீவருக்குக் கரண்ட் காரின் சாக்கெட்டிலிருந்து வருகிறது, ஒலி ஆக்ஸ் வழியாகப் போகிறது. இரண்டு பாதையிலும் எர்த் இருப்பதால் நடுவில் ஒரு வளையம் உண்டாகி, இந்தச் சத்தம் அதற்குள் நுழைகிறது. உறுதி செய்ய எளிய வழி உண்டு. ரிசீவரை கார் சார்ஜரிலிருந்து கழற்றி ஒரு பவர் பேங்கில் செருகுங்கள். சத்தம் நின்றால் அதுதான் காரணம். அப்படியே பவர் பேங்கில் ஓட்டலாம், அல்லது 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று கேட்டு வாங்கி ஆக்ஸ் வயருக்கு இடையில் போடலாம். ஸ்பீக்கரை யாராவது குறை சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போனால் ப்ளூடூத் விட்டு விட்டு வருகிறது. (இளம் வாசகி, திருவட்டாறு)

பதில்: ப்ளூடூத் மீது பழி போட வேண்டாம். போனில் ஏற்கெனவே இறக்கி வைத்த ஒரு பாட்டை அங்கே போட்டுப் பாருங்கள். விடாமல் பாடினால் குறை நெட்வொர்க்கில். மலை மறைக்கும் இடத்தில், நெட்டிலிருந்து பாட்டை இழுக்கும் எந்த ஆப்பும் தடுமாறத்தான் செய்யும். கிளம்புவதற்கு முன் வீட்டு வைஃபையில் பாட்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள். டேட்டாவும் மிச்சம்: 160 கே.பி.பி.எஸ். தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 72 எம்.பி. போகும், 320-ல் அதற்கு இரட்டிப்பு. இறக்கிய பாட்டும் விட்டு விட்டு வந்தால், போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்பாக்கெட்டில் இருந்தால் உடம்பே அலையை மறைக்கும். டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, அப்பா சேர்த்து வைத்த வில்லுப்பாட்டு கேசட்டுகளைப் போனில் ஏற்றிவிட்டேன். அவருடைய பழைய காரில் கேசட் டெக் மட்டும்தான், ஆக்ஸ் கிடையாது. ஹெட்போனில் கேட்டால் ஒரு காதில்தான் வருகிறது. என்ன செய்யலாம்? (ஈத்தாமொழி வாசகர்)

பதில்: நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டெக்குக்குள் போடுகிற கேசட் வடிவ அடாப்டர் கிடைக்கிறது. அதிலேயே ப்ளூடூத் உள்ளதும் உண்டு, சார்ஜ் போட்டு வைத்தால் வயரே வேண்டாம். வாங்குமுன் டெக்கின் ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் முனையை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அழுக்கு ஹெட்டில் எந்த அடாப்டரும் மந்தமாகத்தான் கேட்கும். கேசட்டின் பக்கத்தைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்ஸ் டெக் என்றால் சில அடாப்டர்கள் பக்கம் மாறி மாறித் தவிக்கும், கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு காதில் மட்டும் வருவது, போனில் ஏற்றும்போது இடது, வலது இரண்டில் ஒரு சேனல் மட்டும் பதிவானதால். போனில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டிக்குள் 'மோனோ ஆடியோ' என்று இருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும். மற்றப் பாட்டு கேட்கும்போது அணைத்துவிடுங்கள்.

கேசட்டின் 'உஸ்' சத்தத்தை எடுக்கிறேன் என்று சாஃப்ட்வேரில் அழுத்தித் துடைக்காதீர்கள். அந்த இரைச்சல் இருக்கிற உயர்ந்த சுருதியில்தான் வில்லில் கட்டிய மணிகளின் ஒலியும் இருக்கிறது, இரைச்சலோடு மணியும் போய்விடும். செட்டில் பேஸைக் குறைத்து நடு ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் புலவரின் குரல் தெளியும், குடம் தட்டும் ஒலியும் அதைப் போட்டு அமுக்காது. துடைக்காத மூலப் பதிவை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கேசட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் ஊரில் கடல் காற்று ஈரம் அதிகம். இறுக மூடும் டப்பாவில், நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.