ஹீரோ என்றால் ராஜாவாகத்தான் இருக்கணுமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பிளாக் பேந்தர், ஸ்டார்ம் என்று ஆப்பிரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸாகத் தேடித் தேடிப் படிக்கிறாள். “அந்த ஊர்க் கதை நமக்கெதுக்கு?” என்கிறார் கணவர். மகளோ, “ஏம்மா, ஆப்பிரிக்க ஹீரோன்னா ராஜாவாவோ சாமியாவோதான் இருக்கணுமா? ஸ்பைடர்மேன் மாதிரி சாதாரணப் பையன் கிடையாதா?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது? வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகளின் கேள்வி இரண்டு நாளாக என் மனசைவிட்டுப் போகவில்லை. முதலில் அவளைத் தட்டிக்கொடுங்கள்.

அவள் சொல்வது சரிதான். பிளாக் பேந்தர், வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் மன்னர். ஸ்டார்மை ஒரு ஊரே தெய்வமாகக் கும்பிடுகிறது. மந்திரவாதி மாண்ட்ரேக்கின் கூடவே வரும் லொதார்கூட இளவரசன்தான். இளவரசனாக இருந்தும் அவனுக்குக் கிடைத்தது மாண்ட்ரேக்குக்குத் துணைநிற்கும் வேலைதான்!

பிளாக் பேந்தரை ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1966இல் படைத்தார்கள். அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1960 ஒரே ஆண்டில், 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றிருந்தன. ஆனாலும் காமிக்ஸில் ஆப்பிரிக்கா என்றால் இன்னும் காடும் முரசும்தான். அந்த நேரத்தில், யாரிடமும் அடிமைப்படாத, விஞ்ஞானத்தில் உலகையே மிஞ்சிய ஒரு நாட்டை வரைந்து காட்டினார்கள். அது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். குறை என்னவென்றால், அரண்மனை தெரிந்த அளவுக்குத் தெரு தெரியவில்லை.

1973இல் டான் மெக்ரெகர் என்ற எழுத்தாளர் அதை மாற்றினார். அதுவரை காட்டுக்குள் வெள்ளை நாயகர்கள் சாகசம் செய்யும் பழைய கதைகளை மறுபதிப்புச் செய்துவந்த ஓர் இதழில், ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களும் கறுப்பின மக்களாகவே வரும் நீண்ட பிளாக் பேந்தர் தொடரை எழுதினார். அமெரிக்காவில் சாகசம் செய்துவிட்டுத் திரும்பும் மன்னரிடம், ‘எங்களை விட்டுவிட்டு இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்’ என்று சொந்த மக்களே முகம் திருப்புகிறார்கள். மன்னரின் எதிரி கில்மாங்கரின் கலகம் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டார்ம் விஷயத்தில் உங்கள் மகளோடு கொஞ்சம் வழக்காட ஆசை. ஸ்டார்மின் அம்மா கென்யாவைச் சேர்ந்தவர், அப்பா அமெரிக்கப் புகைப்படக்காரர். கெய்ரோவில் வீடு இடிந்து விழுந்து இருவரும் இறந்துபோக, இடிபாட்டுக்குள் அம்மாவின் உடலருகே சிக்கிக் கிடந்த குழந்தை அவள். பிறகு அதே நகரத்துத் தெருக்களில் ஜேப்படி செய்து வயிறு வளர்த்தாள். வானத்தையே ஆட்டிவைக்கிற அவளுக்கு இன்றும் மூடிய இடம் என்றால் உடம்பு நடுங்கும். கோயில் கட்டிக் கும்பிட்ட கதையைவிட இந்த நடுக்கம்தான் எனக்கு அவளை நெருக்கமாக்கியது.

சரி, சாதாரணப் பையன் எங்கே? ஆப்பிரிக்கர்களே வரைய உட்கார்ந்தபோது வந்துவிட்டான். தென்னாப்பிரிக்காவின் லொயிசோ ம்கிஸே 2014இல் கொண்டுவந்த ‘குவேசி’, நகரத்துப் பையன். சக்தி கிடைத்ததும் அவனுக்கு முதலில் வருவது பொறுப்பு இல்லை, தலைக்கனம். சமூக ஊடகத்தில் பேர் வாங்கத் துடிக்கிறான், தெருப் பேச்சு பேசுகிறான். நைஜீரியரான ரோயே ஒகுபே படைத்த வாலே வில்லியம்ஸ், காணாமல்போன அப்பாவைத் தேடி ஊர் திரும்புகிற கோபக்கார இளைஞன். அதே ஒகுபே ‘மலிகா’ என்று ஒரு ராணியையும் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ராணிக்குப் பின்னால் இன்றைய நைஜீரியாவில் இருந்த ஸஸ்ஸாவ் நாட்டை ஆண்ட அமினா என்ற நிஜ ராணி இருக்கிறாள். ஆகவே கிரீடத்தில் தப்பில்லை. கிரீடம் மட்டுமே இருந்தால்தான் சலிப்பு.

உங்கள் கணவரிடம், சின்ன வயதில் ராணி காமிக்ஸில் மாயாவி படித்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். மண்டையோட்டுக் குகை, குள்ளர்கள், அடர்ந்த காடு எல்லாம் ஞாபகம் வரும். அந்த ஊர்க் கதை நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. வந்தவன் முகமூடி போட்ட வெள்ளைக்காரன். அந்த ஊர்க்காரர்கள் அவனைச் சுற்றி ஈட்டியோடு நின்றார்கள். உங்கள் மகள் படிப்பது அந்த ஈட்டிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் கதை.

தாராளமாக வாங்கிக் கொடுங்கள். முதலில் ஒகுபேயின் ‘இயானு’ இருக்கட்டும். நைஜீரியாவின் யொரூபா மக்களின் தொன்மங்களிலிருந்து வளர்ந்த கதை. நாயகி, உங்கள் மகளைப் போலப் பதின்வயதுக்காரி, அநாதை. 2025இல் கார்ட்டூன் தொடராகவும் வந்திருக்கிறது. மெக்ரெகரின் தொடரில் ரத்தமும் காயமும் அதிகம். அதை நீங்கள் ஒருமுறை படித்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்துக் கொடுக்கலாம். அதுவரை அந்தப் புத்தகம் கணவரின் மேஜைமேல் இருக்கட்டுமே.