மிளகாய் இலை ஓரம் கருகுகிறது, ஜிப்சம் போடலாமா?

கேள்வி: கொலராடோவில் ராக்கி ஃபோர்டு பக்கம், ஆர்கன்சா ஆற்றுப் பாசனத்தில் 4 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மிளகாயும் வெங்காயமும் போட்டிருக்கிறேன். இலை ஓரம் கருகுகிறது, பார் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஊரிலிருந்து அப்பா ஜிப்சம் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். அப்பா சொல்வது களர் நிலத்துக்கான (சோடியம் மிகுந்து இறுகிய மண்) வைத்தியம், நீங்கள் சொல்கிற அடையாளம் உவருக்கு (கரையும் உப்பு மிகுந்த மண்) உரியது. அந்தப் பள்ளத்தாக்கு உப்பில் பெரும்பங்கு சல்பேட், கால்சியத்துக்கும் குறைவில்லை. ஜிப்சம் தருவதும் இந்த இரண்டைத்தான், காசுதான் வீணாகும்.

இந்த உப்பு ஆற்றோடு வருவது. ஆற்றின் மேல்பக்கம் புவெப்லோ நகரருகே லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவில் இருப்பது, கான்சாஸ் எல்லைக்குப் போவதற்குள் 4,000-ஐத் தாண்டிவிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 12 அங்குலம் மழை பெய்கிற சீமையில் 1870களிலிருந்து வாய்க்கால் வெட்டித்தான் வெள்ளாமை பார்த்தார்கள், ஒருவர் வயலில் பாய்ந்த தண்ணீர் அடியிலுள்ள களிப்பாறை உப்பைக் கரைத்துக்கொண்டு ஆற்றுக்கே திரும்பி, அடுத்தவர் வாய்க்காலில் ஏறுகிறது.

பாய்ச்சுவது வாய்க்கால் தண்ணீரா, கிணறா? பெரும்பாலும் கிணற்றில்தான் உப்பு அதிகம், இரண்டையும் இ.சி. மீட்டரில் (மின்கடத்தும் திறனை வைத்து உப்பை அளக்கும் கருவி) பாருங்கள். அப்புறம் நாலைந்து அடி குழி போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தண்ணீர் ஊறி நின்றால் கூடுதலாகப் பாய்ச்சி உப்பைக் கழுவ நினைக்காதீர்கள், நீர்மட்டம் ஏறி உப்பு மேலே வரும், முதலில் வடிகால் வேண்டும். குழி காய்ந்திருந்தால் அறுவடை முடிந்ததும் வாய்க்கால் தண்ணீரைக் கட்டி, நன்றாக உள்ளே இறங்க விடுங்கள்.

அடுத்த நடவில் ஒன்றை மாற்றுங்கள். இருபக்கமும் சாலில் நீர் ஓடும்போது உப்பு பார் உச்சிக்கு ஏறி அங்கேயே தங்கும், அந்த வெள்ளைப் பூப்பு அதுதான். உச்சியில் நடாமல் சரிவில், ஈரம் படுகிற இடத்துக்குச் சற்று மேலே நடுங்கள்.

மண்ணின் இ.சி. 1.2 dS/m-ஐத் தாண்டினாலே வெங்காயம் விளைச்சல் குறையும், மிளகாய்க்கு 1.5. அங்கே சர்க்கரைக் கிழங்கு (சர்க்கரை எடுக்கும் பீட்) நன்றாக வந்ததற்கு அது 7 வரை தாங்குவதும் ஒரு காரணம்.

குத்தகைச் சீட்டில் வாய்க்கால் தண்ணீரில் உங்கள் நிலத்துக்குப் பங்கு எத்தனை என்று எழுதியிருக்கிறதா? கட்டாயம் பாருங்கள். பக்கத்து க்ரௌலி கவுண்டியில் பங்குகளை நகரங்களுக்கு விற்றுவிட்டு நிலம் தரிசாகக் கிடக்கிறது, நினைத்தாலே வயிறு எரிகிறது. கிணற்றையும் இஷ்டத்துக்கு இறைக்க முடியாது. கான்சாஸ் தொடுத்த வழக்கில் 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொலராடோவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, இறைப்பதற்கு ஈடாக ஆற்றுக்குத் தண்ணீர் விட்டாக வேண்டும்.

மீட்டர் அளவும் குழியில் நின்ற நீர்மட்டமும் எழுதி அனுப்புங்கள், எத்தனை தண்ணீர் கட்டலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.